வெட்டியது தெரிய வேண்டும்

வோட் என்ற சொல் காதில் விழுந்தால் இபு எழும்பிப் போய்விடுவார். கோபத்தில் அல்ல, தேத்தண்ணி ஊற்றுவதற்கு. கோப்பையோடு திரும்பி வந்து, அப்படி ஒரு சொல்லை ஒருவரும் சொல்லாதது போலக் கதிரையில் இருந்துகொண்டு, "சரி, இன்னும் ஆர் கதைக்கேல்லை?" என்று கேட்பார்.

இபு என்பது அவருடைய பெயர் இல்லை. இந்தோனேசியாவில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம், நாங்கள் அம்மா என்பது போல. மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் தள்ளியிருந்த ஒரு தொழிற்சாலையில் நாங்கள் சமோசாவையும் ரோல்ஸையும் உறையவைத்துப் பெட்டியில் அடைத்தோம். பொதி செய்யும் பகுதிக்கு அவர் மேற்பார்வையாளர், நான் லேபிள் சரிபார்க்கிறவள். முகாமையாளர் முதல் கூட்டித் துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் இபுதான். முக்காட்டுக்கு மேலே நீல வலைத்தொப்பியையும் மாட்டிக்கொண்டு, ஆண்கள் போடுகிற பெரிய சப்பாத்தோடு அவர் நடந்து வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்கும். என்னை "அடிக்" என்பார். தங்கை என்று அர்த்தம். நாங்கள் இருவரும் பேசியது ஆளுக்கொரு விதமாக உடைந்த இங்கிலீசில். அதை அப்படியே எழுதினால் இருவருக்குமே மரியாதையாக இராது, ஆகவே என் தமிழில் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்ப்பார். தன் பக்கம் ஆட்கள் அதிகம் என்று தெரிந்தால் உடனே எதையாவது விடத் தொடங்குவார்.

சாப்பாட்டு அறையில் இரண்டு மைக்ரோவேவ் இருந்தன. ஒன்று புதிது. மற்றதில் உள்தட்டு சுற்றாது. எங்கள் பகுதியில் முப்பத்தாறு பேர், அதில் இருபத்தெட்டுப் பேர் முஸ்லிம்கள். மற்றவர்கள் பன்றி இறைச்சி சூடாக்குவதால் தங்களுக்கு ஒன்றைத் தனியாகத் தரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இருபத்தெட்டுப் பேருக்குப் புதியது, எட்டுப் பேருக்குப் பழையது என்று ஒரு நிமிடத்தில் முடிக்கவேண்டிய கதையை இபு மூன்று மத்தியானம் இழுத்தார். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்றாம் நாள் முஸ்லிம்களில் ஒருவர் சலித்துப்போய், "விடுங்கோ, பழசை நாங்களே வைச்சிருக்கிறம்" என்றார். இபு அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல, பிறகு ஒரு சொல் கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பழையதில் சூடாக்கும்போது பாதியில் கதவைத் திறந்து, கிண்ணத்தைக் கையால் திருப்பி வைத்து, மறுபடி மூடுவார். விசர் மனிசி என்றுதான் நான் நினைத்தேன்.

"பெரிய ஆள்தான் முதல்ல நகரவேணும்." இதை அவர் நெரிசலான லிப்டிலும் சொல்வார், விடுமுறை யாருக்கு என்ற சண்டையிலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்துவிட்டது. வியட்நாம்காரப் பெண்கள் இருவர் அவரைப் போலவே குரலைத் தாழ்த்தி அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இபுவும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம்தான் முகாமையாளர் ஒரு சின்ன அறையைத் தந்தார். பழைய பெட்டிகள் கிடந்த அறை. தொழுகைக்கும் பிரார்த்தனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத்தில் விதிகள் எழுதி முப்பத்தாறு பேரும் ஒப்பம் இட்டு மாத முடிவுக்குள் தரவேண்டும், இல்லையென்றால் மறுபடி பெட்டிதான் அடுக்குவேன் என்றார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

எனக்கும் அந்த அறை தேவைப்பட்டது. நான் மன்னார்க்காரி, கத்தோலிக்கம். என் கணவருக்கு டயலிசிஸ் தொடங்கிய வருடம் அது. மத்தியானத்தில் பத்து நிமிடம் செபமாலை சொல்லாவிட்டால் மற்ற அரைநாளை என்னால் தள்ள முடியாது. அதுவரை காருக்குள் இருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விதிகளை எழுதியவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆப்கானிஸ்தான்காரர். கறுத்த தாடி, கடும் உழைப்பாளி. சப்பாத்தைக் கழற்றவேண்டும், சாப்பிடக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். மூன்றாவது விதி இப்படி இருந்தது: இந்த அறையில் முஸ்லிம் தொழிலாளரின் தொழுகைக்கு முதன்மை இடம் உண்டு, மற்ற மதத்தவரும் தத்தம் முறைப்படி பயன்படுத்த உரிமை உண்டு.

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று இபு கேட்டார். நான் இந்த வசனத்தில்தான் பிறந்து வளர்ந்தவள் என்றேன். எங்கள் நாட்டு அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம், மற்றவர்களுக்கு உரிமை. எழுதியிருப்பது அவ்வளவுதான், ஒருவரையும் அடி என்றோ கொளுத்து என்றோ அதில் இல்லை. ஆனாலும் ஒரு பொலிஸ்காரன் என்னை மறித்து நிற்கும்போது அந்த வசனம் அவனுக்குப் பின்னால் நிற்கும், எனக்குப் பின்னால் ஒன்றும் நிற்காது. இதையெல்லாம் பகிடியாகத்தான் சொன்னேன். இபு சிரிக்கவில்லை. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

அன்றைக்குத்தான் ஏழு சொற்களின் கதை ஒன்றைச் சொன்னார். அவருடைய நாடு தொடங்கியபோது அடித்தளமாக ஐந்து கொள்கைகளை எழுதினார்கள். பெயர் பஞ்சசீல. எனக்குப் பஞ்சசீலம் என்றால் இராணுவ முகாமின் ஒலிபெருக்கியில் விடியக் கேட்கும் பௌத்த ஓதல்தான். அவர்களுடையது வேறு. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை தோறும் கொடிக்கு முன்னால் நின்று ஐந்தையும் சத்தமாகச் சொல்வார்களாம். முதலாவது, ஒரே இறைவன் மீது நம்பிக்கை. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால் முதலில் எழுதிய வரைவில் அதற்குப் பின்னால் இன்னும் ஏழு சொற்கள் இருந்தன. முஸ்லிம்கள் தங்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கவேண்டிய கடமையோடு என்று அர்த்தம் வரும் ஏழு சொற்கள். கிழக்குத் தீவுகளில் இருந்த கிறிஸ்தவர்கள் அப்படியென்றால் நாங்கள் சேரமாட்டோம் என்றார்கள். சுதந்திரம் அறிவித்த அடுத்த நாள், முஸ்லிம் தலைவர்களே இருந்து பேசி அந்த ஏழையும் வெட்டினார்கள்.

"பத்தில எட்டு ஒன்பது பேர் நாங்கள்," என்றார் இபு. "வைச்சிருக்க வேணுமெண்டால் வைச்சிருந்திருக்கலாம்."

பெருமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய தகப்பன் சிறு பிள்ளைகளுக்கு ஓதக் கொடுத்தவர். அந்த ஏழு சொற்களைத் தங்களிடம் இருந்து பறித்துவிட்டார்கள் என்றே சாகும்வரை நம்பினாராம். ஓகஸ்ட் மாதச் சுதந்திரக் கொடியேற்றத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்து அழுவாராம். பிறகு வந்த ஆட்சி, எல்லாச் சங்கங்களும் தங்கள் விதிப்புத்தகத்தில் அந்த ஐந்தை மட்டுமே அடிப்படை என்று எழுதவேண்டும் என்று கட்டளை போட்டது. மார்க்கத்துக்கு மேலே ஒன்றை எழுதமாட்டேன் என்று, ஊரில் ஒரு சின்ன மார்க்கச் சங்கம் நடத்திய தகப்பன் மறுத்தார். சங்கம் கலைந்தது, ஓத வந்த பிள்ளைகளைப் பெற்றோர் பயத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்ப நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே குழம்பிப்போய்விட்டது.

"வெட்டினது சரி. பிறகு அதை வைச்சு ஆக்களை அடிச்சது பிழை. ரெண்டுக்கும் நடுவில என்ர அப்பா இருக்கிறார்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாம் விதியைப் பற்றிப் பேச எல்லாரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். முதன்மை இடம் என்ற வசனத்தை எடுக்கவேண்டும் என்று தன் கருத்தைச் சொன்னார். மற்ற இருபத்தேழு முஸ்லிம்களும் அவரைப் பார்த்தார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் எழும்பி, இருபத்தெட்டுப் பேர் இருக்கிறோம், வோட் வையுங்கள் என்றார். இபு தேத்தண்ணி ஊற்றப் போனார்.

இதைக் கேள்விப்பட்ட முகாமையாளர் இபுவைக் கூப்பிட்டு, அந்த வரியை நானே எடுத்துவிடுகிறேன், இது என் கட்டடம்தானே என்றார். அங்கேயே கதை முடிந்திருக்கும். இபு அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. முகாமையாளர் வெட்டினால் மற்றவர்கள் தன் அப்பாவைப் போல ஆகிவிடுவார்கள் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "நீங்கள் வெட்டக்கூடாது, நாங்கள்தான் வெட்டவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். முகாமையாளர் என்னிடம் தலையில் கைவைத்துச் சொன்னது இது.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. நான் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து ஒரு வேலை செய்தேன். எங்கள் எட்டுப் பேரிடமும் போய், முதன்மை இடம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கினேன். வியட்நாம்காரிகள் உடனே போட்டார்கள். பிலிப்பைன்ஸ் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு ஒப்பமிட்டார். யாரோடும் முண்டாமல் ஓரமாக நின்று அலுவல் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போனதுதானே. அறை தப்பிவிட்டது என்ற சந்தோசத்தில் தாளை இபுவிடம் நீட்டினேன்.

அவர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் இல்லை. தாளை நாலாக மடித்து என் மேலங்கிப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"சின்ன ஆள் விட்டுக்குடுத்தா அது விட்டுக்குடுப்பு இல்லை, அடிக். பயம். இதை வைச்சு நான் தொழமாட்டன்."

நாங்கள் வாழ்நாள் முழுக்கச் சின்ன ஆட்களாகவே இருந்தவர்கள், எங்களுக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அவர் என்னை நேரே பார்த்தார். "எந்த இடத்திலயும் நீங்கள் பெரிய ஆளா இருக்கேல்லையா?"

இருந்தோம். எனக்கு உடனே தெரிந்தது. லேபிள் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மாதம் முடிந்தது. முகாமையாளர் சொன்னபடி அறையைப் பூட்டிவிட்டார். ஜூன் மாதம், மெல்பேர்ன் குளிர். இபு மத்தியானத் தொழுகைக்குத் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், கட்டிவைத்த அட்டைக் குவியல்களுக்கு இடையில் ஒரு பெட்டியை விரித்துக்கொண்டு நின்றார். காற்று முக்காட்டைப் பிடித்து இழுக்கும். மற்ற முஸ்லிம்களும் அங்கங்கே ஒதுங்கினார்கள், அவரோடு சேரவில்லை. உங்கள் நாட்டுக் கதையால் எங்கள் அறை போய்விட்டது என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். இவருடைய இஸ்லாம் அரைவாசி இஸ்லாம் என்று ஒரு பெண் சொன்னது எனக்கே கேட்டது. அன்று இபு தொழுது முடிந்தும் எழும்பாமல் வெகுநேரம் இருந்தார். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே மேசைக்கு அதே தாளோடு வந்தார். சில வெள்ளிகளில் அவருக்கு முன்னால் ஒருவரும் இருக்கவில்லை. வாழைப்பழப் பொரியலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியே இருப்பார். அதைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருந்தது.

அப்படி ஒரு நாள் நான் அந்த அட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். எனக்குப் பதினைந்து வயது. ஆயுதம் வைத்திருந்த எங்கள் ஆட்கள் ஊரில் இருந்த முஸ்லிம் சனத்தை எழும்பிப் போகச் சொன்னார்கள். தமிழ் பேசுகிற சனம், எங்களோடு ஒரே தெருவில் இருந்த சனம். கடற்கரையில் வள்ளங்கள் நின்றன. பக்கத்து வீட்டு அன்ரி எங்கள் கதவைத் தட்டினா. வீட்டுச் சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போக வந்திருக்கிறா என்று ஜன்னல் இடுக்கால் எனக்குத் தெரிந்தது, சாவி கையில் இருந்தது. மூன்று தரம் தட்டினா. அப்பா திறக்கவில்லை. அம்மாவும் திறக்கவில்லை. நானும்தான்.

இபு ஆறுதல் சொல்லவில்லை. நீ சின்னப் பிள்ளை, பயந்திருப்பாய் என்றும் சொல்லவில்லை. "இப்ப கதைச்சிட்டீங்கள்," என்றார். மேசையைச் சுற்றிக் கேட்கும்போது ஒருவர் பேசி முடித்தால் அவர் சொல்வது அதுதான்.

ஃபோர்க்லிஃப்ட்காரர் ஓகஸ்ட் மாதத்து வெள்ளி ஒன்றில் வந்தார். நாங்கள் இபுவோடு ஆறேழு பேர் இருந்தோம். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. தான் ஹசாரா என்றார். ஆப்கானிஸ்தானில் முஸ்லிம்களுக்கு உள்ளேயே சிறுபான்மையான சனம் அது. தொழப் போனால் வீடு திரும்புவது நிச்சயம் இல்லாத இடத்தில் இருந்து வந்தவர். இபு என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டிருக்கவேண்டும், என்றைக்கு என்று எனக்குத் தெரியாது.

"அங்க நான் எப்பவும் சின்ன ஆள். இஞ்சதான் முதல்முதலா பெரிய ஆளா இருந்தனான்," என்றார். "நல்லா இருந்தது, இபு. அதுதான் விட மனம் வரேல்லை."

பேனையை வாங்கி மூன்றாம் விதியின் முதல் பாதியில் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு, எழுதியவன் நான்தானே என்றார். மற்றவர்களிடம் தாளை அவரே கொண்டுபோனார். எல்லாரும் ஒப்பமிட இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை எடுத்தது. அரைவாசி இஸ்லாம் என்று சொன்ன பெண்தான் கடைசி. எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லித்தான் போட்டா. ஆனால் போட்டா.

முகாமையாளர் நிம்மதியாகி, தாளைத் தாருங்கள், வடிவாகத் தட்டச்சு செய்து தருகிறேன் என்றார். இபு கொடுக்கவில்லை. "வெட்டினது தெரியவேணும்," என்றார். கோடு இழுத்த அந்தத் தாளே, தேத்தண்ணிக் கறையோடும் முப்பத்தாறு ஒப்பங்களோடும் கதவில் ஏறியது. நான் அந்த அறையில் செபமாலை சொன்ன முதல் நாள், இபு தொழுது முடித்து வெளியே வரும்வரை வாசலில் நின்றேன். வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் உள்ளே போகும்வரை.

பிறகு அவர் பேர்த்தில் இருந்த மகளிடம் போய்விட்டார். தொழிற்சாலையும் கைமாறிவிட்டது. அந்தத் தாள் என்ன ஆனது என்று தெரியாது.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து, நாக்கும் பழையபடி நீண்டுவிட்டது. நான் இங்கே எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர். எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கத் தமிழர் உறுப்பினராகலாம், மற்றவர்கள் விருந்தினராகக் கலந்துகொள்ளலாம். இவ்வளவு வருடம் அதை நானே ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வாசித்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு முஸ்லிம் பெண் விண்ணப்பம் அனுப்பினாள். பிறந்தது, அன்று வள்ளத்தில் போன சனம் ஒதுங்கிய புத்தளத்து அகதி முகாமில். உம்மாவின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் தெருவின் பெயர். எந்த வீடு என்று நான் இன்னும் கேட்கவில்லை.

செயற்குழுவில் இருபத்தாறு பேர். வோட் வைத்தால் அந்தப் பிள்ளை வென்றுவிடும், எதிர்க்கிறவர்கள் ஆறு பேர்தான் என்று தலைவர் சொல்கிறார். நான் வோட் வேண்டாம் என்றேன். வெல்கிற வோட்டை வேண்டாம் என்கிற விசரியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று என் கணவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தார். இருபது பேரின் தயவில் உள்ளே வந்தால், மற்ற ஆறு பேரின் முகத்தை அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கவேண்டும். அதற்கு அவளைக் கூப்பிட எனக்கு மனம் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் கூடியிருந்து கதைக்கிறோம். நான்கு ஞாயிறு போய்விட்டது. என்னைத் துரோகி என்ற ஒருவர் மூன்றாம் ஞாயிறு அழுதுவிட்டார், சனம் எழும்பிப்போன அந்த நாளில் அவருடைய வீட்டுக் கதவையும் யாரோ தட்டியிருக்கிறார்கள். ஆறு பேரில் இன்னும் இரண்டு பேர்தான் மிச்சம்.

"இன்னும் எத்தனை ஞாயிறப்பா?" என்று இன்று காலை கணவர் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஓம் எண்டு சொல்லுமட்டும்," என்றேன். தேத்தண்ணிப் போத்தலை நிரப்பி, விதிப்புத்தகத்தையும் பேனையையும் பைக்குள் வைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் போன் எடுத்தாள். இன்றைக்குத் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். "கூட்டம் முடியுமட்டும் நாங்கள் வெளியில காருக்குள்ள இருக்கட்டே, அன்ரி?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. உம்மாவை நேர வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றேன். "மண்டபத்துச் சாவி என்னட்டத்தான் இருக்கு. நான் வந்து திறப்பன்."